கார்ப்பிச்சின் பதினோராவது அணி

கால்பந்து ஆடுகிறவன் தோள்வலி என்று டாக்டரிடம் வருவது அபூர்வம். முட்டி, கணுக்கால், தொடையின் பின்தசை, இவைதான் என் பிழைப்பு. ரஷ்யாவின் லூகவ்ஸ்க் அணிக்கு நான் அப்போது ஒன்பது வருடமாக மருத்துவர். அந்த ஒன்பது வருடத்தில் தோளுக்கு மருந்து தடவியது நாலு பேருக்கு இருக்கும். அதிலும் இரண்டு பேர் குடித்துவிட்டு மாடிப்படியில் உருண்டவர்கள். அதனால் 2007 ஆகஸ்டில் ஒரே வாரத்தில் ஐந்து பேர் வந்து வலது தோளைக் காட்டியபோது, எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு என்னைக் கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தேன்.

முதலில் வந்தவன் கிளெப். தற்காப்பில் ஆடுகிறவன், கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு.

"எங்க இடிச்ச?"

"எங்கயும் இடிக்கல டாக்டரம்மா. தூங்கி எந்திரிச்சா இப்படி இருக்கு. யாரோ ரொம்ப நேரம் தலைய வெச்சுப் படுத்திருந்த மாதிரி."

"உன் பொண்டாட்டியக் கேளு."

"அவ கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயி ரெண்டு வாரம் ஆச்சு. இந்த ஊர்ல வேற எவ வந்து என்மேல சாய்வா? என் மூஞ்சியப் பாருங்க."

தோளைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை, தசைப்பிடிப்பு இல்லை. ஆனால் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சில்லென்று இருந்தது. ஆகஸ்ட் வெயிலில் ஓடிவிட்டு வந்தவனுக்கு அந்த ஒரு இடம் மட்டும் பாதாள அறைச் சுவர்போல ஈரக்குளிர்ச்சியாக இருந்தது. அடுத்த நாள் முன்வரிசை ஆட்டக்காரன் சொஸ்லான் வந்தான். அவனுக்கும் அதே இடம், அதே குளிர்ச்சி. வார முடிவில் ஐந்து பேர். மாத முடிவில் ஒன்பது பேர்.

அந்த வருடம்தான் கார்ப்பிச் எங்களுக்குப் பயிற்சியாளராக வந்திருந்தார். முழுப்பெயர் ரோதியோன் கார்ப்பவிச் சவியாலவ்; நடுவில் இருக்கும் அப்பா பெயரின் சுருக்கம்தான் கார்ப்பிச். அப்போது ஐம்பத்தொரு வயது. ஒல்லியான, நரைத்த, குரலை உயர்த்தாத மனிதர். பதினாறு வருடத்தில் நாங்கள் அவருக்குப் பதினோராவது அணி. தோற்று விரட்டப்பட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் தொட்ட அணியெல்லாம் ஜெயித்தது. ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே, இலையுதிர்காலத்தில், காரணம் சொல்லாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எந்த ஊரிலும் அவர் குளிர்காலம் கண்டதில்லை. பத்திரிகைக்காரர்கள் 'ஒற்றைக் கோடை சவியாலவ்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. ஒரு வீரனுக்குத் தலையில் லேசாக அடிபட்டாலும் அந்த நிமிடமே வெளியே எடுத்துவிடுவார். அவன் கெஞ்சினாலும் சரி, அணி தோற்றுக்கொண்டிருந்தாலும் சரி. "டாக்டர்கிட்ட போ" என்ற இரண்டு வார்த்தைதான். இந்த நாட்டில் அப்படி ஒரு பயிற்சியாளரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இன்னொரு பழக்கமும் உண்டு. வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும்போது பஸ்ஸில் அவர் உட்காரவே மாட்டார். எட்டு மணி நேரப் பயணமானாலும் டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கனவைப் பற்றி முதலில் வாய் திறந்தது சொஸ்லான்தான். தோளுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தபோது சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

"பழைய பஸ் டாக்டரம்மா. நம்ம பஸ் இல்ல. ஜன்னல் பூரா மழை. கற்பூரத் தைல வாசன, நனைஞ்ச கம்பளி வாசன. என் வலப்பக்கம் ஒருத்தன் உக்காந்திருக்கான். தலைய என் தோள்ல சாய்ச்சிட்டான். கனம் ஏறிக்கிட்டே போகுது. ஏதோ சொல்றான், காதுல விழல. டிரைவர்கிட்ட 'நிறுத்து'ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், எல்லாம் சரியாயிடும்னு எனக்குத் தெரியுது. சொல்ல மாட்டேங்கறேன்."

"பயத்துல பேச்சு வரலையா?"

"பயம் இல்ல. அதான் அசிங்கமா இருக்கு. எரிச்சல். 'சும்மா இருடா'ன்னு எரிச்சல். எந்திரிச்சா என் அம்மா முகத்தப் பாக்கவே கூச்சமா இருக்கு."

கிளெப்பைக் கூப்பிட்டுக் கேட்டேன். சொஸ்லான் சொன்னதை நான் சொல்லவில்லை. அவனாகவே கற்பூரத் தைலம் என்றான், மழை என்றான், எரிச்சல் என்றான். மற்ற ஏழு பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். இருபது வயதுப் பையனிலிருந்து முப்பத்துநாலு வயது ஆள்வரை எல்லோரும் ஒரே பஸ்ஸில் போயிருந்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஒவ்வொருவனும் தனக்கு மட்டும் ஏதோ கெட்ட புத்தி இருப்பதாக நினைத்துப் பொத்திவைத்திருந்தான்.

கடைசியாக வந்தவன் எங்கள் கோல்கீப்பர் வெனியா. முப்பத்தொரு வயது, இரண்டு பெண்குழந்தைகளுக்கு அப்பா, அணியின் வாயாடி.

"எனக்குத் தோள் வலிக்கல டாக்டரம்மா. அதச் சொல்லத்தான் வந்தேன். ஊருக்கெல்லாம் வலிக்குது, எனக்கு மட்டும் இல்ல. பந்தியில எல கிடைக்காத மாதிரி இருக்கு."

"சந்தோஷப்படு. போ."

அவன் போகவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கையுறையைத் திருகிக்கொண்டிருந்தான்.

"கனவு வருது. ஆனா நான் ஜன்னலோரமா உக்காந்திருக்கேன். அவனுங்க எல்லாருக்கும் ஒருத்தன் சாயறான்ல? சாயறது நான்தான்னு நெனைக்கிறேன்."

"யார் மேல சாயற?"

"தெரியல. என் இடப்பக்கம் உக்காந்திருக்காரு. அந்தப் பக்கம் பூரா இருட்டு."

நான் சிரித்து அனுப்பிவைத்தேன். அவன் போனதும் மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கும் சிநேகிதிக்கு போன் செய்து, அவன் மண்டையை ஸ்கேன் எடுக்க நேரம் கேட்டேன். படத்தில் ஒன்றும் இல்லை. குழந்தையின் மூளைபோலச் சுத்தமாக இருந்தது. "ஒண்ணுமே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. என் மாமியார் இத்தன வருஷமா சொன்னது சரியாப் போச்சு" என்று வெனியா எல்லோரிடமும் அந்தக் காகிதத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி காலைப் பயிற்சியில், இடப்பக்கமிருந்து மெதுவாக உருண்டுவந்த பந்தை வெனியா பார்க்காமல் விட்டான். பையன்கள் சிரித்தார்கள். இரண்டாவது பந்தையும் விட்டான். மூன்றாவது பந்து அவன் காதில் உரசிக்கொண்டு போனது, அவன் தலையைக்கூடத் திருப்பவில்லை. யாரும் சிரிக்கவில்லை. நான் ஓடிப்போய் அவன் முகத்தைப் பிடித்தேன். என் கையை இடப்பக்கம் ஆட்டினேன். கண் அசையவில்லை.

"அந்தப் பக்கம் இருட்டா இருக்கு டாக்டரம்மா" என்றான். அன்றைக்குத்தான் அவன் வாயிலிருந்து கேலி இல்லாத குரலைக் கேட்டேன்.

பத்து நிமிடத்தில் பார்வை திரும்பிவிட்டது. அவனைப் படுக்கவைத்துவிட்டுக் கார்ப்பிச்சின் அறைக்குப் போனேன். ஆட்டம் இன்னும் நாலுதான் பாக்கி. ஐந்து புள்ளி வித்தியாசத்தில் நாங்கள் முதலிடம். மேல் பிரிவுக்கு ஏறுவது ஏறக்குறைய உறுதி. ஆனால் அவர் மேசையில் ஒரு காகிதம் இருந்தது. 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற ராஜினாமா வரியைத் தலைகீழாகவே என்னால் படிக்க முடிந்தது.

"வெனியாவுக்குக் கண்ணு போச்சு. பத்து நிமிஷம்" என்றேன்.

அவர் பேனாவை வைத்தார். "இடது பக்கமா?"

நான் எந்தப் பக்கம் என்று சொல்லவே இல்லை. அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், மைதானம் அங்கிருந்து தெரியாது.

"கதவச் சாத்துங்க ரஷீதவ்னா" என்றார். என் அப்பா பெயரை வைத்துத்தான் என்னைக் கூப்பிடுவார். வெளியே பையன்கள் பந்தை அடிக்கும் சத்தத்துக்கு நடுவே சொல்லத் தொடங்கினார்.

1984இல் அவர் ஒரு சின்ன அணியின் கேப்டன். லியோவா ரியாபினின் என்று இருபது வயது கோல்கீப்பர். நல்ல கை, ஆனால் ஓயாத புலம்பல். சூப் ஆறிவிட்டது, ஷூ கடிக்கிறது, மெத்தை குத்துகிறது. ஒரு வெளியூர் ஆட்டத்தில் எதிரணிக்காரனின் முட்டி அவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. எழுந்து ஆடி முடித்தான். பஸ்ஸில் கேப்டனின் வலப்பக்கம், ஜன்னலோரம் உட்கார்ந்தான். மழை. ஒரு மணி நேரம் கழித்துத் தலையை அவர் தோளில் சாய்த்தான்.

"'ரோத்யா அண்ணே, உங்க பக்கம் இருட்டா இருக்கு. உங்களத் தெரியல'ன்னான். 'தூங்குடா'ன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி சொன்னான். மூணாவது தடவயும் சொன்னான். நாங்க அப்ப ஒரு டவுனத் தாண்டிக்கிட்டிருந்தோம். ஆஸ்பத்திரி போர்டு ஜன்னல் வழியாத் தெரிஞ்சுது. எனக்கு எரிச்சலா இருந்துச்சு ரஷீதவ்னா. அவ்வளவுதான். வேற காரணம் இல்ல. வீட்டுக்குப் போகணும், தூங்கணும். இவன் எப்பவும் இப்படித்தான்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"கனமாயிட்டே போனான். ஊர் வந்து எழுப்பினப்ப எந்திரிக்கல. விசாரணையில கேட்டாங்க, உங்ககிட்ட ஏதாவது சொன்னானான்னு. 'உடம்பு சரியில்லன்னு அவன் எதுவும் சொல்லல'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

அவர் பயிற்சியாளராகி இரண்டாவது வருடம், ஒரு வீரன் அவரிடம் வந்து, ஒரு பஸ்ஸைக் கனவு கண்டதாகச் சொன்னான். அடுத்த வாரம் அந்த அணியின் கோல்கீப்பருக்கு ஒருநாள் முழுக்க இடப்பக்கம் தெரியாமல் போனது. இவர் அன்றைக்கே கிளம்பிவிட்டார். கிளம்பியதும் அங்கே எல்லாம் நின்றுபோனது. அதன்பிறகு எந்த ஊர் போனாலும் இலை பழுக்கும்போது கோல்கீப்பரைக் கவனித்துக்கொண்டே இருப்பார். முதல் அறிகுறியில் ராஜினாமா. இந்தத் தடவை வெனியாவின் ஸ்கேன் காகிதத்தைப் பார்த்ததுமே எழுத உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கு அந்தக் கனவு வருமா?"

"ஒரு தடவகூட வந்ததில்ல. நான் நல்லாத் தூங்குவேன். அதுதான் என் கேவலம். எனக்கு வரவேண்டியத இவனுங்க பாக்குறாங்க."

"நீங்க போனா அடுத்த ஊர்ல இன்னொரு வெனியா."

அவர் ராஜினாமாக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"லியோவாவுக்கு யார் இருக்காங்க?"

"அம்மா. ஒரு அக்கா. விலாசம் தெரியும்" என்றார். "இருபத்துமூணு வருஷமாத் தெரியும்."

வியாழக்கிழமை ஓய்வுநாள். என் லாடா காரில் கிளம்பினோம். கார்ப்பிச் பின்சீட்டின் நடுவில், இரண்டு பக்கமும் யாரும் இல்லாதபடி உட்கார்ந்தார். நாலு மணி நேரம். வோல்காவைத் தாண்டி வடக்கே, இரண்டு செங்கல்சூளையும் ஒரு ரயில்நிறுத்தமும் உள்ள ஊர். அக்காவின் பெயர் நினேல். ஐம்பது வயதிருக்கும். வீட்டு முற்றத்தில் பெரிய எனாமல் தொட்டியை வைத்துக்கொண்டு, குளிர்காலத்துக்கு உப்பில் ஊறவைப்பதற்காக முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தாள். முழங்கைவரை கேரட் துருவல் ஒட்டியிருந்தது.

கார்ப்பிச் வேலிக்கு வெளியே நின்றபடியே தன் பெயரைச் சொன்னார். லியோவா ஆடிய அணியின் கேப்டன் என்றார். அவள் அரிவதை நிறுத்தவில்லை.

"உள்ள வாங்க. செருப்போட வரலாம், மண்ணுதான்."

அவர் உள்ளே வந்து வேலியைப் பிடித்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். என்னிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில் சொன்னார். எரிச்சலை மட்டும் விடவில்லை. சொல்லி முடித்ததும் கத்தி நின்றது. அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"'ரோத்யா அண்ணே, உங்க பக்கம் இருட்டா இருக்கு. உங்களத் தெரியல.'"

"எத்தன தடவ?"

"மூணு தடவ."

"மூணு தடவ" என்றாள் அவள். "அதான் எங்க லியோவா. ஒரு தடவ சொல்லி விடமாட்டான்." பிறகு அங்கே கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த விசாரணைக் காகிதம் வந்தப்ப எங்கம்மா படிச்சாங்க. 'எதுவும் சொல்லல'ன்னு போட்டிருந்துச்சு. 'இது எம்புள்ள இல்ல'ன்னாங்க. 'எம்புள்ள நகம் கிழிஞ்சாலே தெருவுக்கே சொல்லுவான். செத்துப்போற வலிய வாயத் திறக்காமப் பொறுத்துக்கிட்டவன் வேற யாரோ. ஆள மாத்திக் குடுத்துட்டாங்க'ன்னாங்க. முகத்தப் பாத்தும் நம்பல. பெட்டியில கிடந்தவன் எவ்வளவு அமைதியா இருந்தான் பாருன்னாங்க. சாகற வரைக்கும் அவன் வருவான்னு காத்துக்கிட்டிருந்தாங்க. மூணு வருஷம் முன்னாடி போய்ச் சேந்தாங்க. 'அந்தக் குழிக்குப் பக்கத்துல என்னப் போடாத. யார் பெத்த புள்ளையோ, அவங்கம்மா வந்து கேட்டா இடம் வேணும்'னு சொல்லிட்டுத்தான் போனாங்க."

கார்ப்பிச் பிடித்திருந்த வேலிக்கம்பு கிறீச்சிட்டது.

"திட்டுங்க" என்றார்.

"திட்டி என்ன பண்ண? எங்கிட்டச் சொல்லியும் பிரயோஜனம் இல்ல. நான் எப்பவும் அது லியோவான்னுதான் நம்பினேன். நம்பாதவங்ககிட்டச் சொல்லுங்க. வாங்க."

கல்லறைத் தோட்டம் பிர்ச் மரங்களுக்கு நடுவே இருந்தது. நுழைந்ததும் இடப்பக்கம் லியோவாவின் கல், அதில் கையுறையோடு ஒரு பையனின் படம். அம்மாவின் இரும்புச் சிலுவை அடுத்த மூலையில், வேலியோரம். நடுவில் இருநூறு அடி இருக்கும். நினேல் அந்தச் சிலுவையின் முன்னால் கார்ப்பிச்சை நிறுத்திவிட்டு விலகி வந்து என்னோடு நின்றுகொண்டாள்.

காற்றே இல்லை. பிர்ச் இலைகள் ஒன்றுகூட ஆடவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, உயிரோடு இருப்பவரிடம் பேசுகிற குரலில் பேசினார். லியோவா சொன்ன வாக்கியத்தை மூன்று தடவையும் சொன்னார். மூன்றாவது தடவை சொன்னபோது அவருடைய வலது தோள் திடீரென்று ஒரு விரற்கடை மேலே எழும்பியது. பஸ்ஸில் நம்மேல் சாய்ந்து தூங்கியவர் தலையை எடுத்துக்கொண்டால் நம் தோள் எழும்புமே, அப்படி. ஆறு மாதமாக அந்த மனிதரைப் பார்க்கிறேன், அவர் வலது தோள் தாழ்ந்திருந்தது என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த கணம் லியோவாவின் கல் இருந்த பக்கமாகப் புல் சலசலத்தது. ஒரே கோடாக, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில், அந்தச் சலசலப்பு எங்களைத் தாண்டி வேலியோரம் போய் நின்றது. நினேல் என் கையைப் பிடித்திருந்தாள். அவள் கையில் முட்டைக்கோஸ் வாசனை.

திரும்பும்போது கார்ப்பிச் எனக்குப் பக்கத்தில், முன்சீட்டில் உட்கார்ந்தார். பாலம் வருவதற்குள் தூங்கிவிட்டார். அரைமணி நேரம் கழித்து, தண்ணீருக்குள் இருந்து எழுந்தவர்போல மூச்சை இழுத்துக்கொண்டு விழித்தார். சட்டை நனைந்திருந்தது.

"நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தினேன். அவர் இறங்கி வயல் ஓரமாக நின்றார். அவர் முதுகு குலுங்கியது. வந்து உட்கார்ந்ததும், "கற்பூரத் தைலம்" என்று மட்டும் சொன்னார்.

லூகவ்ஸ்கை நெருங்கும்போது வெனியா போன் செய்தான். மத்தியானம் மகள்களைத் தூங்கவைக்கப் படுத்தவன் தானும் தூங்கிவிட்டானாம்.

"பஸ் நின்னுடுச்சு டாக்டரம்மா. யாரோ கதவத் தட்டி நிறுத்தச் சொன்னாங்க. நான் இறங்கிட்டேன். வெளிய மழ விட்டிருந்துச்சு. ஒரு அம்மா எனக்காக நின்னுக்கிட்டிருந்தாங்க, எங்கம்மா இல்ல. 'வாய மூடிக்கிட்டு இருந்தியாமே, நெஜமா'ன்னு கேட்டாங்க. 'எவன் சொன்னான், நான் கத்திக்கிட்டேதான் வந்தேன்'னேன். சிரிச்சாங்க. யாரு அவங்க?"

"அப்புறம் சொல்றேன்" என்றேன்.

அன்றோடு பையன்களுக்குக் கனவு நின்றுபோனது. தோள்களும் சூடாகின. கிளெப்பின் மனைவியும் திரும்பி வந்துவிட்டாள், அது வேறு கதை. கார்ப்பிச் ராஜினாமாக் காகிதத்தைக் கிழித்தார். அணியைக் கூட்டி உட்காரவைத்து, நடந்ததை அவரே சொன்னார். சொஸ்லான் எழுந்து வெளியே போய்விட்டான். இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாக்கியிருந்த நாலு ஆட்டத்தில் மூன்றைத் தோற்றோம். மேல் பிரிவு கைவிட்டுப் போனது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. எல்லோரும் ஆரோக்கியமாக இருந்தார்கள், நன்றாகத் தூங்கினார்கள். அந்தக் கோடையில் அவர்களைச் சேர்த்துக் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்துபோன மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கார்ப்பிச் அங்கேயே குளிர்காலத்தைக் கழித்தார். அடுத்த வருடம் பதினோராவது இடம். அதற்கடுத்த வசந்தத்தில் நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது.

கிளம்பும் நாளில் என் அறைக்கு வந்தார். கண்ணுக்குக் கீழே கருமை படிந்திருந்தது. கனவு இப்போது அவருக்குத்தான் வாரம் தவறாமல் வருகிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு மாத்திரை தரட்டுமா என்று முன்பே கேட்டிருக்கிறேன். வேண்டாம், என்னோடயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நினேலின் ஊரில் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு விளையாட்டு ஆசிரியர் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். தேநீர் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும் ரஷீதவ்னா. டாக்டராப் பதில் சொல்லுங்க. அந்த டவுன்ல நான் பஸ்ஸ நிறுத்தியிருந்தா?"

மண்டைக்குள் ரத்தம் கசிவது எப்படி என்று எனக்குத் தெரியும். பேச்சு தெளிவாக இருக்கிற அந்த ஒன்றிரண்டு மணி நேரம் எதற்கான அவகாசம் என்றும் தெரியும். 1984இல் அந்த மாதிரி டவுன் ஆஸ்பத்திரியில் மண்டை ஓட்டில் துளை போட்டு ரத்தத்தை எடுக்கத் தெரிந்த ஒருவராவது இருந்திருப்பார். வேறு பதில் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"பிழைச்சிருப்பான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நன்றி. நீங்க எரக்கப்பட்டுப் பொய் சொல்லிடுவீங்களோன்னு பயந்துக்கிட்டிருந்தேன்."